வராத மார்க்குக்கு ஒரு ஸ்தோத்திரம்

ஞாயிறு ஆராதனையில் காணிக்கை எடுத்து முடிந்ததும் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பது திருமுல்கேரித் தமிழ்ச் சபையின் செயலாளர் ஜோசியாவின் வேலை. மற்றவர்களுக்கு அது ஐந்து நிமிஷச் சடங்கு. அவருக்கு அதுதான் வாரத்தின் திருவிழா. கவரைப் பிரிப்பார். உள்ளே இருக்கிற துண்டுக் காகிதத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடிப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் எதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று மைக்கில் முழங்குவார். பிறந்த நாள், கல்யாண நாள், பித்தப்பையில் இருந்த கல் தானாகக் கரைந்தது, ஆல்வாலில் கட்டிய வீட்டுக்கு ஒருவழியாகக் குழாய்த் தண்ணீர் வந்தது. யாருடைய காணிக்கையோ அந்தக் குடும்பத்தார் எழுந்து நிற்க வேண்டும். சபை 'ஆமென்' சொல்லும். பிறகு அடுத்த கவர்.

அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கவரைப் பிரித்தவர், வாசிக்கும் முன்பே பெண்கள் பக்கம் பார்த்துப் புன்னகை செய்தார்.

"தனசிங் மரியபுஷ்பம் குடும்பத்தார், தங்கள் மகள் ஷெர்லி, அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற உதவி செய்த தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்."

மரியபுஷ்பம் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த மகளின் கையையும் பிடித்துத் தூக்கினாள். ஆண்கள் பக்கத்தில் தனசிங் எழுந்து, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஆமென்!" என்றது சபை.

ஷெர்லி சொல்லவில்லை. முந்தின நாள் சனிக்கிழமைதான் பேகம்பேட்டில் அந்தத் தேர்வை எழுதிவிட்டு வந்திருந்தாள். ஜிஆர்இ தேர்வில் காத்திருக்கிற வேலையே இல்லை. கடைசிக் கேள்வியை முடித்ததும் கம்ப்யூட்டர் திரையிலேயே மார்க் வந்து நிற்கும். ஆங்கிலப் பகுதியில் நல்ல மார்க் நின்றது. கணக்கில் நின்றதைப் பார்த்துவிட்டு, மழையில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, தலைவலி என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். காலையில் கோயிலுக்குக் கிளம்புகிற அவசரம். இப்போது இப்படி.

ஆராதனை முடிந்து வாசலில் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். சபைப் போதகரான ஐயர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். ஜோசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மைனி, வெறுங்கையோட நிக்கியளே, ஸ்வீட் எங்க? பிள்ளே, எங்க மேத்யூவ முந்திட்டியா?"

மேத்யூ அவருடைய மகன். மாதாப்பூரில் பெரிய கம்பெனியில் வேலை. அவனும் ஒரு காலத்தில் இந்தத் தேர்வை எழுதி, வாங்கிய மார்க்கைச் சபை மறக்க அவர் இன்றுவரை விட்டதில்லை.

"தேங்க்ஸ் சித்தப்பா," என்றாள் ஷெர்லி.

வீட்டுக்கு வந்ததும் மரியபுஷ்பம் புடவையைக்கூட மாற்றாமல் ஆட்டுக்கறிக் குழம்பைச் சூடு பண்ண ஆரம்பித்தாள். நாசரேத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, உருது புழங்குகிற இந்த ஊருக்கு வந்தவள். தனசிங் ராணுவக் கட்டுமானப் பிரிவில் சிவிலியன் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சில் உருது ஏறிவிட்டது. மரியபுஷ்பத்தின் பேச்சில் ஒன்றும் ஏறவில்லை.

ஷெர்லி சமையலறை வாசலில் நின்றாள்.

"அந்தக் கவர எப்பம்மா போட்ட?"

"வெள்ளிக்கிழமையே. பெண்கள் ஐக்கியத்துக்குப் போனப்ப ஜோசியா கொழுந்தன் கையில குடுத்துட்டேன்."

"பரிட்சையே சனிக்கிழமைதானம்மா!"

"ஆண்டவருக்கு வெள்ளி என்ன, சனி என்ன? விசுவாசத்தோட குடுத்தேன்ட்டி. கெடச்சிட்டுன்னு நெனச்சு முந்தியே நன்றி சொல்லணும். அப்பந்தான் கெடைக்கும்."

"கெடைக்கலம்மா. கணக்குல போயிடுச்சு. அந்தக் காலேஜ்ல கேக்குறது நூத்தம்பது. எனக்கு வந்தது நூத்தி முப்பத்தெட்டு."

குழம்பில் கரண்டி நின்றது.

"பன்னெண்டுதான கொறையுது?"

"அம்மா, சும்மா உள்ள போய் உக்காந்துட்டு எந்திரிச்சு வந்தாலே நூத்தி முப்பது தருவாங்க."

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தனசிங், வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மெல்லப் பேசுட்டி, ஜன்னல் தொறந்து கெடக்கு," என்றாள் மரியபுஷ்பம். அடுப்பை அணைத்தாள். "ஒண்ணு செய்வோம். யாருகிட்டயும் மூச்சு விடாத. இன்னொருக்க எழுது. மார்க்கு வந்துட்டுன்னா நாம சொன்னது பொய்யில்லன்னு ஆயிரும்லா?"

"இன்னிக்கு வாசல்ல எத்தனை பேரு கை குடுத்தாங்க! எல்லாருக்கும் தேங்க்ஸ் சொன்னேன். கோயில் வாசல்ல நின்னு வரிசையா பொய்."

"நீ எங்க பொய் சொன்ன? தேங்க்ஸ்தான சொன்ன?"

"அடுத்த மாச முதல் ஞாயிறு, சாட்சி நேரத்துல எந்திரிச்சு உண்மையச் சொல்லிடுறேன்."

"ஏட்டி! ஜோசியா கொழுந்தன வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்லப் போறியா?"

"சிரிக்கட்டும். இந்த ஒளிச்சு வைக்கிறது எனக்கு நக்கோ."

"நக்கோ, நக்கோ! வேண்டாம்னு ஒரு நல்ல வார்த்த தமிழ்ல இருக்கு, வாயில வருதா பாரு." மரியபுஷ்பம் தட்டுகளை எடுத்து வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். ஜன்னல் திறந்திருந்ததை அவளே மறந்துபோனாள்.

ஷெர்லிக்கு அந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. அவள் பிசியோதெரபிஸ்ட். லால் பஜார் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்ற ராணுவத்தார். முட்டி தேய்ந்தவர்கள், கை தூக்க முடியாதவர்கள். அவர்களில் ஒருவர் துரைராஜ். வேலூர்க்காரர், ஹவில்தாராக இருந்தவர். எல்லையில் ஒரு குளிர்காலத்தில் இடது கால் முழங்காலோடு போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பொருத்திய செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு அவர் நடந்தால், மீதியிருக்கிற தொடையில் வாரம் ஒரு புண் வந்தது. ஷெர்லி தொடைக்குப் பயிற்சி கொடுப்பாள், புண்ணுக்குப் பஞ்சு வைப்பாள், மறுபடி அதே புண் வரும்.

"இன்னாம்மா செய்யறது," என்பார் துரைராஜ். "இத செஞ்சவன் என்னப் பாக்கவே இல்ல. பேப்பரத்தான் பாத்தான்."

ஆளைப் பார்த்துக் கால் செய்கிற படிப்பு ஒன்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பதை ஷெர்லி தேடிக் கண்டுபிடித்தாள். அங்கே சேர எல்லாம் சரியாக இருந்தது, கணக்கைத் தவிர.

கணக்கு அவளுக்கு எங்கே நின்றுபோனது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் இருந்தார். தப்பாகச் சொன்னால் "கெட் அவுட், வராண்டாவில் நில்" என்பார். பின்னம் நடத்திய நாட்கள் முழுக்க ஷெர்லி வராண்டாவில்தான் நின்றாள். உள்ளே கரும்பலகையில் எண்களுக்கு மேலே எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. வெளியே அவள் மைதானத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தாவது முடித்ததும் இண்டரில், அதாவது பிளஸ் டூவில், பைபிசி எடுத்தாள். கணக்கு இல்லாத குரூப். உயிரியல் பிடிக்கும் என்று வீட்டில் சொன்னாள். பிடித்தது உண்மைதான், ஆனால் ஓடி வந்த வேகத்தில் பிடித்தது.

தேர்வுக்கு என்று மாதாப்பூரில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தாள். வார இறுதியில் இரண்டு பஸ் மாறிப் போவாள். அங்கே சொல்லிக்கொடுத்ததெல்லாம் குறுக்குவழி. "மேடம், ஏன்னு கேட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. எல்லா ஆப்ஷனையும் போட்டுப் பாருங்க, எது ஒத்து வருதோ அதை அழுத்துங்க." போட்டுப் பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு ஒத்து வந்தது.

ஜூலை முதல் ஞாயிறு வந்தது. சாட்சி நேரத்தில் ஒருவர் விபத்தில் தப்பியதைச் சொன்னார். ஒரு அம்மா மருமகளுக்கு விசா கிடைத்ததைச் சொன்னாள். அப்புறம் ஷெர்லி எழுந்தாள். மரியபுஷ்பம் மகளின் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து இழுத்தாள். துப்பட்டா கையோடு வந்தது. மகள் உட்காரவில்லை.

"போன மாசம் என் மார்க்குக்காக ஸ்தோத்திரம் வாசிச்சாங்க," என்றாள் ஷெர்லி. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மார்க் வரல. எங்கம்மா விசுவாசத்துல முந்திட்டாங்க. நான் கணக்குல பிந்திட்டேன். எனக்குப் பின்னம் தெரியாது. இருபத்தொம்பது வயசாகுது. மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசான்னு யாராவது கேட்டா இன்னிக்கும் பேச்ச மாத்திடுறேன். திரும்ப எழுதப்போறேன். ஆறாம் கிளாஸ் புத்தகத்துல இருந்து ஆரம்பிக்கப்போறேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. ஜோசியா மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"சாட்சி என்பது சபைக்குப் பக்திவிருத்தி உண்டாக்குவதாக இருக்க வேண்டும் என்று அன்போடு ஞாபகப்படுத்திக்கொள்கிறோம்."

ஐயர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டார்.

மரியபுஷ்பம் கடைசி ஜெபத்துக்குக்கூட நிற்கவில்லை. ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் ஜோசியா ஷெர்லியை நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. நல்லது சொல்கிறோம் என்றுதான் சொன்னார்.

"பிள்ளே, எல்லாருக்கும் எல்லாம் வராது. எங்க மேத்யூவுக்குக் கணக்கு. ஒனக்குக் கை வைத்தியம். ஆண்டவரு அவரவருக்கு ஒண்ணு அளந்து வச்சிருக்காரு. அத வச்சுத் திருப்தியா இருக்கணும்."

"ஆண்டவர் எனக்குப் பின்னம் கிடையாதுன்னு சொல்லல சித்தப்பா. ஏழாம் கிளாஸ் டீச்சர்தான் சொன்னாங்க."

ஜோசியா, சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ கூப்பிட்ட மாதிரி அந்தப் பக்கம் போனார். யாரும் கூப்பிடவில்லை.

மரத்தடியில் ஜெஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள். பாடகர் குழுவில் ஷெர்லிக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். பொலாரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.

"க்யா ரே, கைக்கு? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"மொத்தச் சபைக்கும் மைக் இல்லாமலே சொல்லிட்ட. என்கிட்ட மட்டும் வெக்கமா?" ஜெஸ்ஸி அவள் தோளில் ஒன்று வைத்தாள். "நாளைக்குக் காலைல ஆறரைக்கு சண்டே ஸ்கூல் ரூமுக்கு வா. ஐயர்கிட்ட சாவி கேட்டுட்டேன். புக்கு நான் கொண்டாறேன். ஷார்ட்கட்னு வாயத் தொறந்தே, வெளிய நிறுத்திடுவேன்."

"ஏற்கெனவே நின்னவதான்."

"ஹவ், ஆமா. அதுக்குத்தான் உள்ள கூப்பிடுறேன்."

சண்டே ஸ்கூல் அறையின் பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. ஷெர்லியின் முழங்கால் மேசைக்கு அடியில் போகவில்லை. பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார வேண்டும். சுவரில் பேழையும் ஜோடி ஜோடியாக விலங்குகளும் இருந்த படம். ஜன்னலுக்கு வெளியே மழை. முதல் நாள் ஜெஸ்ஸி ஒரு கணக்கு போட்டாள். ஷெர்லி பதில் சொன்னாள். ஜெஸ்ஸி தலையை ஆட்டி, "தப்பு," என்றாள்.

ஷெர்லி எழுந்துவிட்டாள்.

"எங்க போற?"

ஷெர்லி நின்றபடி தன்னையே பார்த்துக்கொண்டாள். எங்கும் போவதற்காக அவள் எழவில்லை. கால்கள் தாமாக எழுந்திருந்தன. அத்தனை வருஷம் கழித்தும் அவை வராண்டாவுக்கு வழி மறக்கவில்லை.

"இல்ல… தப்பாயிடுச்சுல்ல…"

ஜெஸ்ஸிக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "இங்க சட்டம் வேற," என்றாள். "தப்பு வந்தா உக்காரணும். சரியா வந்தாத்தான் எந்திரிக்கலாம்."

அந்த மாதம் முழுக்க ஷெர்லி நிறைய உட்கார்ந்தாள். தினமும் காலையில் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து கிளினிக்குக்குப் போனாள். ஐயரம்மா யாரும் கேட்காமலே ஒரு ஃபிளாஸ்கில் டீ வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். வீட்டில் மரியபுஷ்பம் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் அவள் வழக்கமான நாலாவது வரிசையை விட்டுவிட்டு, கடைசி வரிசைக்கு, செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆனால் ஒருநாள் காலையில் டிபன் டப்பாவைத் திறந்த ஷெர்லி பார்த்தாள், ஒருத்தி தின்ன முடியாத அளவுக்கு இட்லி இருந்தது. மிளகாய்ப்பொடி தனியாக இரண்டு பொட்டலம். அதில் ஒன்று காரம் குறைத்தது. ஜெஸ்ஸிக்குக் காரம் ஆகாது என்பது மரியபுஷ்பத்துக்குத் தெரியும்.

"உங்கம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?" என்று இட்லியை வாயில் வைத்துக்கொண்டு ஜெஸ்ஸி கேட்டாள்.

"ரொம்ப."

"நல்ல கோவம். நாளைக்கும் இருக்கட்டும்."

தனசிங்கும் தன் பங்குக்கு உதவி செய்யப் பார்த்தார். ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் ஒரு வட்டை எடுத்து மேசையில் வைத்தார். "அரே, பின்னம்கிறது என்ன பெரிய விஷயம்? இப்பப் பாரு. இத மூணா ஒடைக்கேன். ஒவ்வொண்ணும் மூணுல ஒண்ணு." அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டார். கருப்பட்டி அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு பெரிய துண்டும் ஒரு சின்னத் துண்டுமாகப் பிளந்து, மீதி தூளாக நாற்காலிக்கு அடியில் போனது.

"இதுல எதுப்பா மூணுல ஒண்ணு?" என்றாள் ஷெர்லி.

தனசிங் சின்னத் துண்டைப் பார்த்தார், பெரிய துண்டைப் பார்த்தார். "கருப்பட்டில வராது போல," என்று பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு ஒங்க பாடம்," என்று உள்ளேயிருந்து மரியபுஷ்பத்தின் குரல் வந்தது. "எறும்பு வந்து மிச்சத்தப் படிக்கட்டும்." அந்த விஷயத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டலும் கழித்தலும் பிடிபட்டன. பெருக்கலும் வந்தது. வகுத்தலில் ஷெர்லி முட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றை அரையால் வகுத்தால் விடை ஏன் கூடுகிறது? வகுத்தால் குறையத்தானே வேண்டும்? கீழே உள்ளதைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்று கோச்சிங் சென்டரில் சொல்லியிருந்தார்கள். ஏன் திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஜெஸ்ஸி படம் போட்டாள், கோடு போட்டாள். ஷெர்லி தலையை ஆட்டினாள். ஆனால் உள்ளே இறங்கவில்லை.

"இறங்காம நான் அடுத்த பக்கம் போகமாட்டேன்," என்றாள்.

"பரிட்சைக்கு டைம் இல்ல ரே. சும்மா ஒத்துக்கோ."

"ஒத்துக்கிட்டுத்தான் நூத்தி முப்பத்தெட்டு வாங்குனேன். நக்கோ."

ஜெஸ்ஸி புத்தகத்தை மூடினாள். "சரி. உக்காரு."

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடாத தூறல். கிளினிக்கில் துரைராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புண் ஆறியிருந்தது. தொடைப் பயிற்சிக்கு அவருக்கு ரப்பர் பட்டை வேண்டும். பட்டை நீளமான சுருளாக வரும், அதிலிருந்துதான் நோயாளிகளுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். சுருளில் மூன்று மீட்டர் மிச்சம் இருந்தது. இன்னும் யார் யாருக்கு வேண்டும் என்று நினைத்தபடி ஷெர்லி அரை மீட்டர் அளந்து வெட்டினாள். இன்னொரு அரை மீட்டர். இன்னொன்று. துண்டுகளைக் கட்டில் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். சுருள் தீர்ந்தது. கம்பியில் ஆறு துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன.

கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஷெர்லி அப்படியே நின்றாள்.

மூன்றுக்குள் எத்தனை அரை இருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எத்தனை என்றுதான் கேட்டார்கள். துண்டு சின்னதானால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? அவள் இதைப் பல வருஷமாகக் கையால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?" துரைராஜ் பயந்துவிட்டார்.

"மூணை அரையால வகுத்தா ஆறு அண்ணே."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் சிரிப்பு."

"என் காலுக்கு ஏதும் ஆவலியே?"

"உங்க கால நான் படிச்சிட்டு வந்து செய்யுறேன். உக்காருங்க."

துரைராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உக்காந்துதாம்மா இருக்கேன்," என்றார்.

மறுநாள் காலை சண்டே ஸ்கூல் அறையில் ஜெஸ்ஸி வரிசையாகக் கணக்கு போட்டாள். ஷெர்லி ஒவ்வொரு பதிலுக்கும் எழுந்தாள். எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து. ஐயரம்மா ஃபிளாஸ்கோடு வந்தவள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "இது என்ன, புது உடற்பயிற்சியா?" என்று கேட்டாள்.

அடுத்த தேர்வு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் ஷெர்லி ஒரு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை ஜோசியாவிடம் கொடுத்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு ஜோசியா எல்லாக் கவர்களையும் முன்கூட்டியே பிரித்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார். இதையும் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஷெர்லியைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ஐயர் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளே, இது என்ன?"

"காணிக்கை சித்தப்பா."

"இப்படி ஒரு காணிக்க இந்தச் சபையில வந்ததே இல்ல. இத நான் எப்படி மைக்குல வாசிக்க? பரிட்ச எழுதி, மார்க்கு வரட்டும். அப்புறம் ஜாம் ஜாம்னு வாசிச்சுருவோம். இந்தத் தடவ வரும்லா?"

"தெரியாது சித்தப்பா. வரலாம், வராமலும் போகலாம்."

"பின்ன? மறுபடி வராம போனா சபை என்ன நெனைக்கும்? ஒங்க அம்மாவே இன்னும் செருப்புகிட்டதான் உக்காந்துருக்காவ."

ஷெர்லியின் குரல் உயரவில்லை. ஆனால் அசையவும் இல்லை. "போன தடவ வராத மார்க்குக்கு வாசிச்சீங்க. இந்தத் தடவ வந்த கணக்குக்கு வாசிங்க. இது என் கையில இருக்கு. இத யாரும் திருப்பி வாங்க முடியாது. கிடைச்சதுக்கு நன்றி சொல்லக் கூடாதுன்னு எங்க சித்தப்பா சட்டம் இருக்கு?"

ஜோசியா ஐயரைப் பார்த்தார். ஐயர் இடுப்புக் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: "நேரமாகுது ஜோசியா. வந்திருக்கிறத வாசிங்க."

காணிக்கை எடுத்தார்கள். ஜோசியா மைக்குக்கு முன்னால் வந்தார். ஒரு பிறந்த நாள். ஒரு கண் ஆபரேஷன். மூன்றாவது காகிதத்தை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். தொண்டையைச் செருமினார். வழக்கத்தைவிட ஒரு செருமல் கூடுதலாகவே வந்தது. மெல்ல வாசித்துத் தள்ளிவிட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. மற்ற எல்லாவற்றையும் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் முழங்கினார்.

"தனசிங் மரியபுஷ்பம் அவர்களின் மகள் ஷெர்லி, பின்னங்களைக் கற்றுக்கொள்ள உதவி செய்த தேவனுக்கும், அறையைத் திறந்துவிட்ட சபைக்கும், உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த ஜெஸ்ஸிக்கும், இட்லி கொடுத்தனுப்பிய தாயாருக்கும் நன்றி செலுத்துகிறாள். தேர்வு செவ்வாய்க்கிழமை. மதிப்பெண் இன்னும் வரவில்லை."

ஷெர்லி எழுந்து நின்றாள். இந்தத் தடவை யாரும் கையைப் பிடித்துத் தூக்கவில்லை.

சபை திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. பாடகர் குழுவில் ஜெஸ்ஸி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் தனசிங் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு எழுந்தார். யாரோ சிரித்து, சிரித்ததற்காக இருமினார்கள்.

பின்னால், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து, ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

"ஆமென்!"

ஷெர்லி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரலைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது கணீரென்று கூரை வரை போயிற்று. அதன் பின்னால் சபை முழுதும் போயிற்று. ஜோசியா அடுத்த கவரை எடுத்தார். பிரிப்பதற்கு முன் முகத்தை மைக்கிலிருந்து விலக்கி, உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது மரியபுஷ்பம் மாமரத்தடியில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். தலையில் போட்ட முந்தானை இன்னும் இறங்கவில்லை.

"ஏறு," என்றாள். மகள் ஏறி உட்கார்ந்ததும், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "செவ்வாய்க்கிழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"ஏழரைக்கு."

"இட்லிதான். பரிட்சைக்குப் போறப்ப எண்ணெய்ப் பலகாரம் ஆவாது."

"சரிம்மா." ஷெர்லி கேட்டாள்: "வெள்ளிக்கிழமையே ஏதாவது கவர் கிவர் குடுத்து வச்சிருக்கியா?"

மரியபுஷ்பம் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"இல்லட்டி. இந்தத் தடவ செவ்வாக்கிழம நீ வீடு வந்து சேந்தப்புறந்தான் எழுதுவேன். மார்க்கு வந்தாலும் எழுதுவேன், வராட்டாலும் எழுதுவேன். எவன் என்ன கேக்கான்னு பாக்கேன்." ஆட்டோக்காரரின் முதுகைத் தட்டினாள். "நீ சலோ, பையா."

அவள் வாயில் ஏறிய முதல் உருது அதுதான்.